பதினேழாம் அறையில் ஒரு நபர்

மனித குலம் நீதியின் பாதையில் எடுத்து வைத்த மிகப் பெரிய அடி எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் தாயில்பட்டிப் பக்கம் கையைக் காட்டுங்கள். ஊருக்குத் தெற்கே, கண்மாய்க் கரையை ஒட்டி இருக்கும் பெத்தணன் பயர்வொர்க்ஸ் கம்பெனியின் பதினேழாம் நம்பர் அறையில்தான் அந்த அடி விழுந்தது. சட்டம் ரோமாபுரியில் பிறந்தது, லண்டனில் வளர்ந்தது என்று புத்தகங்கள் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். அதற்குப் புத்தி தெளிந்தது விருதுநகர் மாவட்டத்தில்தான். இங்கே அடிக்கிற வெயிலுக்கு யாருக்குமே தெளிந்துவிடும்.

இந்தப் பெருமைக்கெல்லாம் கண்கண்ட சாட்சி போர்மேன் மாரிக்கண்ணன். கம்பெனியில் சட்டத்தைக் கட்டிக் காத்து வந்தவர் அவர்தான். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு தகரப் பலகை தொங்கும். ‘இந்த அறையில் அனுமதிக்கப்பட்ட நபர்கள்: 4’ என்று அதில் எழுதியிருக்கும். மழையில் மங்கிப்போகிற அந்த நாலுக்கு வருஷா வருஷம் சிவப்புப் பெயிண்ட் அடிப்பது மாரிக்கண்ணனின் பொறுப்பு. சீசன் வந்தால் அதே அறைக்குள் பத்துப் பேரை உட்கார வைப்பதும் அவர் பொறுப்பு. இரண்டு வேலையையும் அவர் ஒரே சிரத்தையோடு செய்து வந்தார்.

அதிகாரிகள் சோதனைக்கு வருகிற நாளில் சேதி அவர்களுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும். உடனே அறைக்கு ஆறு பெண்கள் எழுந்து, வாசலில் கழற்றிப் போட்ட செருப்பையும் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு பின்னால் இருக்கும் சீமைக்கருவைக் காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். செருப்புதான் முக்கியம். உள்ளே நாலு ஆள், வெளியே நாலு ஜோடி செருப்பு, பலகையில் நாலு. மூன்றும் ஒத்துப்போனால் அதற்குப் பெயர் ‘சட்டத்தின் ஆட்சி’. ஒருமுறை பதினேழாம் அறை மாடத்தி பதற்றத்தில் செருப்பை விட்டுவிட்டு ஓடிவிட, மாரிக்கண்ணன் அந்த ரோஸ் கலர் செருப்பைத் தன் காலில் மாட்டிக்கொண்டு அதிகாரி கிளம்பும்வரை கம்பெனியைச் சுற்றிக் காட்டினார். கடமை என்று வந்துவிட்டால் அவர் கலர் பார்க்க மாட்டார்.

அவருக்கு இருந்த ஒரே இடைஞ்சல் அவருடைய மனைவி வீரலட்சுமி. அவளும் பதினேழாம் அறையில்தான் பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். பத்துப் பேரில் அவளுக்கு வாய்த்தது நட்டநடு இடம்.

“ஏங்க, சட்டுனு ஒண்ணு ஆச்சுன்னா வாசப்பக்கம் இருக்கவ குதிச்சு ஓடிருவா. நான் நாலு பேரைத் தாண்டணும். முட்டு வேற மடங்க மாட்டேங்குது. வாசப்பக்கமா ஒரு எடம் போட்டுக் குடுங்களேன்” என்று ராத்திரிச் சாப்பாட்டில் கேட்பாள்.

“ஒன்னைய வாசப்பக்கம் போட்டா போர்மேன் பொண்டாட்டிக்குச் சலுகைன்னு பேசுவாளுக.”

“பேசுறதுக்கு அவளுகளும் இருக்கணும்ல” என்றபடி அவள் குழம்பை ஊற்றுவாள்.

மாரிக்கண்ணனுக்கு அதற்கப்புறம் சோறு இறங்காது. அவருக்கும் பயம்தான். தினமும் காலையில் அவளை அந்த நடு இடத்தில் உட்கார வைத்துவிட்டு நகரும்போது, அவளுக்கும் வாசலுக்கும் நடுவே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பார். முதலாளியிடம் வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்பதால் எண்ணி முடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போவார்.

இந்தச் சமயத்தில்தான் முதலாளி பெத்தணனுக்கு ஞானம் பிறந்தது. வெடிச்சத்தத்தில் நாய்கள் நடுங்குகின்றன, பறவைகள் பதறுகின்றன என்று வெளியூர் வியாபாரிகள் மூக்கைச் சுளிக்க ஆரம்பித்திருந்தார்கள். மதுரையில் ‘சகல ஜீவ சட்ட ஆய்வு மையம்’ என்று ஒன்று இருப்பதும், அவர்கள் ‘ஜீவநேய முத்திரை’ கொடுப்பதும், அந்த முத்திரை அட்டைப்பெட்டியில் இருந்தால் ஆர்டர் கொட்டும் என்பதும் முதலாளியின் காதுக்கு வந்தன. மையத்தின் இயக்குநர் முனைவர் எழில் கம்பெனியைப் பார்வையிடச் சம்மதித்தார்.

“அந்த ஆளு அதிகாரி இல்ல. ஆடு மாடு பாக்குறவரு. இருந்தாலும் எதுக்கும் செருப்பை எடுத்துருங்க” என்றார் முதலாளி. அறைக்கு ஆறு பேர் கருவைக் காட்டுக்குப் போனார்கள்.

முனைவர் எழில் கதர் ஜிப்பாவில் வந்து இறங்கினார். முதலில் குருவி வெடியின் லேபிளைக் கையில் எடுத்தார். அவர் முகம் வாடியது.

“குருவியின் உருவத்தைப் பயன்படுத்தியிருக்கீங்க. ஒப்புதல் வாங்கினீங்களா?”

“எந்தக் குருவிகிட்ட சார்?”

“இந்தப் படத்தில் இருக்கிற குருவியிடம்.”

“அது திருத்தங்கல் பிரஸ்ல வரைஞ்சது சார். பொறந்ததே அங்கனதான்” என்றார் முதலாளி.

முனைவர் ‘பரிசீலிக்கலாம்’ என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டு அறைகளைப் பார்க்கக் கிளம்பினார். பதினேழாம் அறைக்கு வந்ததும் சிலையாக நின்றுவிட்டார். ஊர்ப் பொங்கலுக்குக் கம்பெனி சாத்தியிருந்தபோது, செவலை என்ற தெருநாய் அந்த அறையின் மூலையில் புகுந்து ஆறு குட்டி போட்டிருந்தது. துரத்தினால் கடிக்க வந்ததால் மாரிக்கண்ணன் ஒரு சாக்கை விரித்துக் கொடுத்துவிட்டு, இருக்கிற இடத்தில் பத்துப் பேரையும் இன்னும் கொஞ்சம் நெருக்கி உட்கார வைத்திருந்தார்.

முனைவர் பலகையைப் படித்தார். உள்ளே பார்த்தார். திரும்பவும் பலகையைப் படித்தார்.

“நாலு நபர்தான் அனுமதி. இந்தத் தாயும் குழந்தைகளும் மட்டுமே ஏழு பேர். ஏழு பேரை ஒரே அறையில் அடைச்சு வச்சிருக்கீங்க. பத்தாததுக்கு மருந்து வேற. ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் தெரியுமா உங்களுக்கு?”

மாரிக்கண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தார். தன் நெஞ்சுக்குள் இத்தனை வருஷமாகக் கிடந்த கேள்வியை ஒரு படித்த மனிதர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். கேட்டது யாருக்காக என்பது புரியத்தான் அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“நாய் எப்படி சார் நபராகும்?” என்று உள்ளே இருந்த மாடத்தி கேட்டுவிட்டாள்.

முனைவருக்கு இந்தக் கேள்வி கற்கண்டு. “கோயில் சாமி சட்டப்படி ஒரு நபர். அதன் பெயரில் நிலம் இருக்கு, வழக்குப் போடலாம். இந்தக் கம்பெனியும் சட்டப்படி நபர்தான். சில தேசங்களில் ஆறு ஒரு நபர், மலை ஒரு நபர். அப்படியிருக்க, மூச்சு விடுகிற, பால் கொடுக்கிற, வலி தெரிகிற ஒரு ஜீவன் ஏன் நபராகக் கூடாது?”

“அப்ப நாங்க சார்?”

“நீங்க ஏற்கெனவே நபர்தானேம்மா. அது தீர்ந்துபோன விஷயம். அதில் ஆய்வு செய்ய ஒன்றுமே இல்லை” என்றார் முனைவர் அன்போடு.

அன்று முதல் மையத்தின் குறிப்புகளில் செவலை ‘அது’ இல்லை, ‘அவர்’. நாமும் அப்படியே எழுதுவதுதான் முறை. பதினேழாம் அறை முழுவதும் செவலை அம்மையாருக்கு ஒதுக்கப்பட்டது. மருந்து வெளியேற்றப்பட்டது. தண்ணீர்ப்பானை வைக்கப்பட்டது. குட்டிகள் ‘மைனர்கள்’ என்பதால் தாயின் கணக்கில் அடக்கம் என்று முனைவர் தாராளமாகத் தீர்ப்புச் சொன்னார். முத்திரை வேண்டும் என்பதால் முதலாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முனைவரின் கார் போனதும் கருவைக் காட்டிலிருந்து அறைக்கு ஆறு பேர் திரும்பி வந்தார்கள். பதினேழாம் அறைப் பெண்களில் பாதிப் பேர் பதினாறாம் அறைக்கும் பாதிப் பேர் பதினெட்டாம் அறைக்கும் மாற்றப்பட்டார்கள். அங்கெல்லாம் ஏற்கெனவே பத்துப் பத்துப் பேர் இருந்தார்கள். வீரலட்சுமி பதினெட்டாம் அறையில் முன்பைவிட நல்ல நடுவாகப் போய் உட்கார்ந்தாள்.

சாமிக்கு வாய் இல்லை, ஆகவே அதன் சார்பில் பேச ஒரு மனிதர் வேண்டும் என்பது சட்டம். நாய்க்கும் அப்படியே. செவலை அம்மையாரின் ‘காப்பாளர்’ பதவி மாரிக்கண்ணனுக்கு வந்தது.

“அவங்க மனசில் என்ன நினைக்கிறாங்கன்னு கவனிச்சு எனக்குப் போன் பண்ணுங்க. நேரம் காலம் பார்க்க வேண்டாம்” என்று முனைவர் நம்பர் கொடுத்திருந்தார்.

அன்று ராத்திரி வீரலட்சுமி தட்டை வைத்தபடி கேட்டாள்.

“ஏங்க, உங்க அம்மையாருக்கு மனசுல கொறை ஏதும் இல்லையா?”

“நாய்க்கு என்ன கொறை? பாலும் சோறும் போகுது. குலைக்கக்கூட மாட்டேங்குது.”

“இல்ல, பக்கத்து ரூம்புல பதினஞ்சு பேரு உக்காந்து மூச்சு விடுற சத்தத்துல பிள்ளைக முழிச்சிக்கிருதுன்னு சொல்லலையா? நல்லாக் கேட்டுப் பாருங்க.”

மாரிக்கண்ணன் கை சோற்றிலேயே நின்றது. மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். அவள் ஒன்றும் தெரியாதவள்போல ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் மாரிக்கண்ணன் கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று முனைவருக்குப் போன் பண்ணினார். ‘அம்மையாருக்குப் பக்கத்து அறைகளில் கூட்டம் ஆகலை சார், பிள்ளைக அலறுது’ என்றுதான் சொன்னார். சிவகாசி வெயிலில் அத்தனை வேகமாக ஒரு கார் வந்து யாரும் பார்த்ததில்லை. வருகிற சேதிகூட வந்து சேரவில்லை, அவரே வந்து சேர்ந்துவிட்டார். யாருக்கும் செருப்பை எடுக்க நேரமில்லை. பதினாறாம் அறை வாசலில் பதினைந்து ஜோடி செருப்பு கிடந்தது. முனைவர் அவற்றைக் கவனமாகத் தாண்டிப் போய் அம்மையாரின் கண்ணைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார்.

“இவங்க மன உளைச்சலில் இருக்காங்க. பக்கத்து அறைகளில் நாலு பேருக்கு மேல் ஒருத்தர் இருக்கக் கூடாது. இல்லையென்றால் முத்திரை கிடையாது.”

அன்று வீரலட்சுமி பதினெட்டாம் அறையில் வாசல் பக்கமாக உட்கார்ந்தாள். அறைக்குள் நாலு பேர்தான். கையை நீட்டினால் யாருடைய முழங்கையும் இடிக்கவில்லை. காற்று வந்தது. கண்மாய்ப் பக்கம் கொக்கு நிற்பது தெரிந்தது. ஒருமுறை சும்மா எழுந்து, வாசலைத் தாண்டிக் காலை வெளியே வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள். தூரத்தில் நின்று இதைப் பார்த்த மாரிக்கண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் பதினேழாம் அறைக்குப் போய் அம்மையாருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

அதற்கப்புறம் செவலை அம்மையாரின் மனசைப் புரிந்துகொள்வதில் கம்பெனியே கெட்டிக்காரத்தனம் காட்டியது. பெண்கள் ஆளுக்கொரு யோசனையோடு காப்பாளரிடம் வந்தார்கள்.

“அண்ணே, அவுகளுக்கு மேற்கால இருக்க ரூம்புகளையும் நெனச்சா நெஞ்சு படபடங்குதாம். நேத்து எங்கிட்டச் சொன்னாக.”

“யாரு சொன்னா?”

“செவலையம்மாதான்” என்பாள் மாடத்தி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அம்மையாருக்கு வெயில் ஆகவில்லை, நடைபாதைக்குப் பந்தல் வந்தது. அம்மையாருக்கு மருந்து வாடை ஆகவில்லை, கலக்குகிற அறை தள்ளிப் போனது. அம்மையார் உப்புத் தண்ணீர் குடிக்க மாட்டார், நல்ல தண்ணீர் லாரி வந்தது. அறைக்கு நாலு பேர் போக மிச்சம் இருந்தவர்களுக்காகப் பூட்டிக் கிடந்த பழைய அறைகள் திறக்கப்பட்டன. தகரப் பலகைகளில் சிவப்புப் பெயிண்டில் பல காலமாக எழுதியிருந்த அந்த நாலு, ஒரு நாய் கேட்டுக்கொண்டதற்கிணங்க அமலுக்கு வந்தது. கருவைக் காட்டில் உட்கார ஆளில்லாமல் போனது.

முதலாளி பெத்தணன் பொல்லாதவர் அல்ல. லோடு குறைந்ததுதான் அவரைச் சங்கடப்படுத்தியது. அத்தனை அறைக்கும் வேலையாள் பிரித்துப் போட்டால் சரக்கு மெதுவாகத்தான் வரும். ஒருநாள் மாரிக்கண்ணனை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

“ஏம்ப்பா, ஒரு நாய்க்கு எம்புட்டுக் கொறைதான் இருக்கும்?”

“வாயில்லாத சீவன், மொதலாளி. சொல்லத் தெரியாம உள்ளுக்குள்ளயே வச்சிருந்துருக்கு.”

“அது இங்கன இருந்து சீரழிய வேண்டாம். காரியாபட்டில என் மச்சினன் தோட்டம் இருக்கு. மா, கொய்யா, பம்புசெட்டு. பிள்ளைகளோட அங்கன போய் ராசாத்தியா இருக்கட்டும். காப்பாளர்ங்கிற மொறையில நீ சம்மதம்னு சார்கிட்டச் சொல்லிரு.”

மாரிக்கண்ணன் வாயைத் திறப்பதற்குள் முதலாளி இன்னொன்றும் சொன்னார். “நாய் இங்கன இருக்கணுமா, நீ இருக்கணுமாங்கிறத நல்லா யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல. சாயந்தரம் வண்டி வருது.”

காப்பாளர் யோசித்தார். சம்மதித்தார். செவலை அம்மையாரும் மைனர்களும் லோடு ஆட்டோவில் ஏற்றப்பட்டார்கள். அம்மையார் ஒரு வார்த்தை குரைக்கவில்லை. மாரிக்கண்ணனைத்தான் வண்டி திரும்பும்வரை பார்த்துக்கொண்டே போனார். முனைவர் எழில் போனில் நெகிழ்ந்துபோய், இதற்கு ‘மறுவாழ்வு’ என்று பெயர், உலகத்துக்கே இது முன்னுதாரணம் என்றார்.

மறுநாள் காலையில் பழைய அறைகள் பூட்டப்பட்டன. அறைக்குப் பத்துப் பேர் உள்ளே போனார்கள். வீரலட்சுமிக்குப் பதினேழாம் அறையிலேயே அவளுடைய நட்டநடு இடம் திரும்பக் கிடைத்தது. உட்கார்ந்தவள் வாசலைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். மருந்துத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று மாரிக்கண்ணனுக்கு இருந்தது.

அந்த வாரக் கடைசியில் முத்திரைக்கான இறுதி ஆய்வுக்கு முனைவர் வந்தார். வழக்கம்போலப் பெண்கள் செருப்பை எடுக்க எழுந்தார்கள். முதலாளி கையமர்த்தினார்.

“எதுக்குப் போயி வேலையக் கெடுத்துக்கிட்டு? அன்னைக்கு அம்புட்டுச் செருப்பத் தாண்டிப் போனாரு, ஒரு வார்த்த கேட்டாரா? உக்காருங்க.”

அவர் கணக்கு தப்பவில்லை. முனைவர் வரிசையாக அறைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். பதினாறாம் அறைக் கூரையில் அணில் கூடு உண்டா என்று அண்ணாந்து பார்த்தார். பதினேழாம் அறை வாசலில் ஓர் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. அதை மிதிக்காமல் ஒதுங்கி, பத்து ஜோடி செருப்பையும் தாண்டி, உள்ளே தலையை நீட்டினார். தோளோடு தோள் இடிக்கப் பத்துப் பெண்கள் மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். பலகையில் நாலு பளிச்சென்று இருந்தது. முனைவர் நாலு மூலையையும் உற்றுப் பார்த்தார். சாக்கு இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

“இந்த அறையில் இப்போது நபர் யாரும் இல்லை. மிகவும் திருப்தி” என்று சொல்லிவிட்டு முதலாளியின் கையைக் குலுக்கினார்.

முதலாளி முகம் மலர்ந்து மாரிக்கண்ணன் பக்கம் திரும்பினார். “கேட்டியாப்பா, காலி ரூம்பாம். இன்னும் ரெண்டு பேரை இங்கன உக்கார வையி.”

இருவரும் கேட்டை நோக்கி நடந்தார்கள். உள்ளே பெண்கள் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு இடம் விட ஆரம்பித்தார்கள். வீரலட்சுமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். நகர நகர அவளுக்கும் வாசலுக்கும் நடுவே ஆள் கூடிக்கொண்டே போனது. மாரிக்கண்ணனுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“சார்” என்று கூப்பிட்டார். முனைவர் போய்க்கொண்டிருந்தார்.

“சார், ஒரு நிமிஷம், இங்கன பாருங்க சார்” என்று தொண்டை கிழியக் கத்தினார். மனுசக் குரல் முனைவரின் ஆய்வு எல்லைக்குள் வரவில்லை. அவர் முதலாளியிடம் எறும்புகளின் சொத்துரிமை பற்றி விளக்கிக்கொண்டு நடந்தார்.

உள்ளேயிருந்து வீரலட்சுமியின் குரல் வந்தது. கோபம் இல்லை, கேலியும் இல்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

“பேசினா அவருக்குக் கேக்காதுங்க. குலைச்சுப் பாருங்க.”

மாரிக்கண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். தலையை உயர்த்தி, அடிவயிற்றிலிருந்து இழுத்து, ஊரே கேட்கும்படி குரைத்தார்.

முனைவர் எழில் சட்டென்று நின்றார். திரும்பி வேகவேகமாக வந்தார். அவர் கண்களில் அவ்வளவு கருணை இருந்தது.

“யாரோ கூப்பிட்டாங்களே,” என்றார். “யாருக்கு என்ன குறை?”